மனைவி மாத்திரை தர மறுத்த கதை

நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்ட ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். நாமும் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொள்வதுதான் அது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தில் யாராவது இரண்டு முறை தும்மினால் போதும், என் மனைவி ரெஜினா டியூட்டி முடிந்து வருவதற்குள் நான் போய் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிடுவேன். (பார்த்து என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள். நாக்கு இருந்தது. அவ்வளவுதான்.) உண்மையில் நான் ஓர் ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எனக்குத் தெரிந்த ஒரே உடற்கூறு கம்ப்ரஸருடையது.

ரெஜினா நாகர்கோவில்காரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் சர்ஜிகல் வார்டு நர்ஸ். எங்கள் மகள் பிளெஸ்ஸி அப்போது கேஜி படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. வளைகுடா ஆஸ்பத்திரிகளெல்லாம் நர்ஸுகளை உட்கார வைத்துத் தேர்வு மேல் தேர்வாக நடத்திக்கொண்டிருந்தன. அதில் மிகவும் கடுமையானது மருந்து கொடுக்கும் தேர்வு. தாளில் எழுதுவது இல்லை. நிஜ நோயாளிக்கு நிஜ மருந்து கொடுக்கும்போது தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான நேரமா என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

முதல் முறை ரெஜினா தோற்றுவிட்டாள். பதினைந்து வருட அனுபவம் உள்ளவள், மருந்துக் கணக்கை விரலில் போடுகிறவள், தோற்றது ஒரு கிழவரிடம். பன்னிரண்டு நாளாக அதே கட்டிலில் கிடந்த பாலஸ்தீனப் பெரியவர். ரெஜினாவை மகளே என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போய்ப் பேர் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று, "குட்மார்னிங் பாபா" என்று சொல்லி மாத்திரையை நீட்டியிருக்கிறாள். தேர்வாளர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். எவ்வளவு தெரிந்த ஆளானாலும் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒப்பிட்ட பிறகுதான் மருந்து. அதுதான் விதி.

இரண்டு வாரம் கழித்து மறுதேர்வு. அதிலும் தோற்றால் மருந்து வண்டியைத் தொட முடியாது. மருந்தைத் தொடாத நர்ஸுக்கு யார் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள்? அவள் வீட்டில் சரியாகச் சாப்பிடவே இல்லை.

இந்த இடத்தில் பாதி டாக்டர் களத்தில் இறங்கினார்.

"நான் பேஷண்டா படுக்கேன். நீ என்கிட்ட பிராக்டிஸ் பண்ணு" என்றேன். தினமும் சோபாவில் படுத்துக்கொண்டு முனகுவேன். அவள் ஒரு மூடியில் பொட்டுக்கடலையைப் போட்டுக்கொண்டு வந்து பேர் கேட்பாள், பிறந்த தேதி கேட்பாள், அலர்ஜி கேட்பாள். நான் பதில் சொல்லிவிட்டுப் பொட்டுக்கடலையைத் தின்பேன். இப்படி இருபது முறையாவது நடந்திருக்கும். அவள் தேறினாளோ இல்லையோ, நான் நோயாளியாகத் தேறிவிட்டேன்.

தேறிய கையோடு நிஜ நோயாளியாகவும் ஆனேன். கம்பெனியில் ஒரு பழைய விண்டோ ஏசியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. "ரெண்டு பேராத் தூக்குங்க" என்று ரெஜினா போனில் சொன்னதைக் கேட்காமல், மூன்று மாடியும் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஏசி வீட்டுக்குள் நல்லபடியாக வந்து சேர்ந்தது. என் குடல்தான் இருந்த இடத்தில் இல்லை. ஹெர்னியா. ரெஜினாவின் வார்டிலேயே, அவளுக்கு நன்றாகத் தெரிந்த எகிப்து டாக்டர் ஆபரேஷன் செய்தார்.

நாள் பார்த்தா நோய் வருகிறது? ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் மறுதேர்வு. காலையில் யூனிஃபார்மில் என் கட்டிலருகே வந்து குனிந்து சொன்னாள்: "இங்க பாருங்க, உங்களுக்கு வேற நர்ஸு போட்டிருக்கு. நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். நீங்க வாயைத் திறக்காம கிடந்தாப் போதும். கேட்டுதா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

தேர்வாளர் கிரேசி மேடம், ஆஸ்பத்திரியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். பாலக்காட்டுப் பக்கம். டியூட்டியில் ஆங்கிலம் தவிர வேறு பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். வார்டுக்குள் நுழைந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் நர்ஸ் ஒரு நோயாளியை அழைத்துவரத் தியேட்டருக்குப் போயிருந்தாள். மணி பத்து, எனக்கு வலி மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம். கிரேசி மேடத்தின் பேனா என்னைக் காட்டியது.

ரெஜினா, "மேடம், இவர் என்..." என்று ஆரம்பித்தாள். அவள் மட்டும் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் வேறு கட்டிலுக்குப் போயிருப்பார்கள், இந்தக் கட்டுரையும் இல்லை.

ஆனால் நான் உதவிக்கு வந்துவிட்டேன்.

"குட்மார்னிங் சிஸ்டர்!" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். "வார்டுக்குப் புதுசா? உங்களை நான் பார்த்ததே இல்லையே!"

எட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு "இவர் என் கணவர்" என்று எப்படிச் சொல்வாள்? கிரேசி மேடம் "ஆரம்பிக்கலாம்" என்றார்.

"உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள், சார்."

"தங்கராஜ் ஏசுவடியான்." சோபாவில் பழகிய பதில், கணீரென்று வந்தது.

"பிறந்த தேதி?"

"நவம்பர் பதினேழு!" வருடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, எப்படி என்பதுபோல் கிரேசி மேடத்தைப் பார்த்தேன்.

ரெஜினா என் கையைத் தூக்கிப் பட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். 

பட்டையில் இருந்தது ஜூன் ஒன்று.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது வயது பத்தவில்லை என்று, பள்ளிக்கூடம் திறந்த நாளையே என் பிறந்தநாளாக எழுதிவிட்டார் ஹெட்மாஸ்டர். சர்ட்டிஃபிகேட், பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் அதுதான். நிஜமாகப் பிறந்தது நவம்பரில். அது எங்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவிலும் என் வீட்டார் மனதிலும் மட்டும் இருந்தது. இருபது முறையும் பொட்டுக்கடலைக்காக நான் சொன்னது நவம்பர். ரெஜினாவும் சரி சரி என்று தலையாட்டியிருந்தாள். பட்டையில் பாஸ்போர்ட் தேதிதான் இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை.

"சார், பிறந்த தேதியை இன்னொரு முறை சொல்ல முடியுமா?"

"ஜூன் ஒன்று!" என்று பாய்ந்தேன்.

"இதில் எது சரி?"

"ரெண்டுமே சரிதான்."

கிரேசி மேடம் எதையோ எழுதினார். பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினார். "மிஸ்டர் தங்கராஜ், இன்று என்ன கிழமை?"

முந்தின நாள் எங்கள் சபைக்காரர்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போயிருந்தார்கள். துபாயில் எங்களுக்குச் சபை கூடுவது வெள்ளிக்கிழமை. ஆகவே நேற்று வெள்ளி என்று கணக்குப் போட்டு, "சனிக்கிழமை" என்றேன்.

அன்று புதன்கிழமை.

அவர் மறுபடியும் எழுதினார். ரெஜினா மாத்திரையை வண்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அதைப் பார்த்ததும் அதுவரை பொறுத்திருந்த வலி மொத்தமாகக் கிளம்பியது. அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று தமிழுக்குத் தாவினேன்.

"ஏட்டி, நான்தான்டி! வலி உயிரு போகுது. அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியப் போகுது? தேதியைப் பாத்த மாதிரி பாத்துட்டுக் குடுட்டி!"

ரெஜினா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில், "மன்னிக்கணும் சார். நீங்கள் யார் என்று உறுதி செய்யாமல் தர முடியாது" என்றாள்.

நான் யார் என்று உறுதி செய்யாமல்! அவள் துவைத்த பனியன் என் பையில் இருந்தது!

"மேடம்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "இவள் என் பெண்டாட்டி!"

கிரேசி மேடம் அதையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, நான் எழுந்து விழுந்துவிடக்கூடாதே என்று கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை மெல்ல ஏற்றிவிட்டார். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், தேதி தெரியவில்லை, கிழமை தெரியவில்லை, வார்டு நர்ஸைப் பெண்டாட்டி என்கிறான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கையையும் கட்டியிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் சாகுல் காக்கா. காயல்பட்டினத்துக்காரர் (அங்கே காக்கா என்றால் அண்ணன்), சத்வாவில் துணிக்கடை வைத்திருந்தார். அதுவரை போர்வைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னா தம்பி, பாஸ்போர்ட்ல உள்ளதைச் சொல்ல வேணாமா? எனக்குப் பாருங்க, ஜனவரி ஒண்ணு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான். எங்க உம்மாகிட்ட கேட்டா, அன்னைக்கு நல்ல மழைம்பாங்க. மழைன்னா இவங்க மாத்திரை தருவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு சிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். சிரித்துக்கொண்டே அழுதேன். "பேஷண்ட் சம்பந்தமில்லாமல் சிரிக்கிறார்" என்றும் எழுதியிருப்பார்கள்.

ரெஜினா ஒவ்வொன்றாகச் செய்தாள். சக நர்ஸைக் கூப்பிட்டுப் பட்டையைக் காட்டினாள். டாக்டருக்குப் போன் செய்தாள். அட்மிஷன் கவுண்டரில் பாஸ்போர்ட் நகலைக் கேட்டாள். என் ஃபைல் இன்ஷூரன்ஸுக்குப் போயிருந்தது. பாஸ்போர்ட்டோ, அந்தக் கால வழக்கப்படி, கம்பெனி அலமாரியில். அங்கிருந்து ஃபேக்ஸ் வர வேண்டும். அலமாரிச் சாவி வைத்திருந்தவர் விசா ஆபீசுக்குப் போயிருந்தார்.

டாக்டர் வந்து என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கிரேசி மேடத்தின் குறிப்பை வாங்கிப் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"யா தங்கராஜ், நான் உன் வயிற்றில்தானே ஆபரேஷன் செய்தேன்? தலையில் கை வைக்கவில்லையே!" பிறகு கிரேசி மேடத்திடம் திரும்பி, "இவர் நிஜமாகவே இந்த சிஸ்டரின் கணவர்" என்றார்.

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. கிரேசி மேடம் ரெஜினாவைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். ஒப்பந்தம் போச்சு, வேலை போச்சு, இனி என்னை யார் வீட்டில் சேர்ப்பார்கள்?

ஆனால் கணவன் என்று தெரிந்த பிறகும் மாத்திரை வரவில்லை. "ஃபேக்ஸ் வரட்டும்" என்றாள் ரெஜினா. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கறுப்புக் கறுப்பாக ஒரு தாள் வந்தது. அதில் இருந்த படத்துக்கும் எனக்கும் அவ்வளவு ஒற்றுமை இல்லை, ஆனால் தேதி தெளிவாக இருந்தது. அவள் வண்டியைத் திறந்து, சார்ட்டைப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். நான் ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல, "தங்கராஜ் ஏசுவடியான். ஜூன் ஒன்று" என்றேன். அலர்ஜி இல்லை என்றேன். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். விழுங்கும்வரை நின்றாள். எழுதினாள்.

கிரேசி மேடம் ஃபைலை மூடிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"மிஸ்டர் தங்கராஜ், அந்தப் பொம்பளைக்குத் தேதி பாக்கத் தெரியுமுங்க" என்றார், சுத்தமான தமிழில். "கோயம்புத்தூர்லதானுங்க நர்ஸிங் படிச்சேன்."

பாலக்காட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது என்று நம்பிய ஒரே மனிதன் உலகத்திலேயே நான்தான். முகத்தை மூடிக்கொள்ளப் போர்வை போதவில்லை.

"கணவர்னு முதல்லயே சொல்லியிருக்கணும். அதுக்கு மார்க் குறைச்சிருக்கேன்" என்று ரெஜினாவிடம் சொன்னார். "நீங்க சொல்ல வந்தீங்க, இவர் விடலை, அதையும் பார்த்தேன். போன தடவை தெரிஞ்ச ஆளுன்னு கேக்காம விட்டீங்க. இன்னைக்கு இவரைவிடத் தெரிஞ்ச ஆள் உங்களுக்கு யாருமில்லை. பாஸ்."

ரெஜினா வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய், "உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள், சார்" என்றாள். சாகுல் காக்கா பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு மாலை, எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க ஏட்டின்னு கூப்பிட்டீங்கல்லா, மாத்திரையை எடுத்துக் குடுத்திருவேனோன்னு பயந்துட்டேன். உங்க மூஞ்சியைப் பாத்தா குடுத்திருவேன். அதான் கையையே பாத்துட்டு நின்னேன்."

 கஞ்சி நல்லா இருக்கு என்றேன். இன்னும் அவள் அதை என் கையில் தரவில்லை.

சாகுல் காக்கா கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் துணியோடு இந்தக் கதையையும் கிழித்துக் கொடுத்தார். ஆகவே அடுத்த ஜூன் ஒன்றாம் தேதி சத்வாவில் பத்துப் பேராவது எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பிளெஸ்ஸிக்கு அது பிடித்துப்போய், அன்றைக்குக் கேக் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அப்படித் தொடங்கியது. இன்று அவள் வேலைக்குப் போகிற பெண். இப்போதும் ஜூன் ஒன்றாம் தேதி கேக் வாங்கி வந்து, "பேஷண்ட், ஃபுல் நேம் ப்ளீஸ்" என்று கேட்டு, என் கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் ஒரு துண்டு தருவாள்.

போன வருடம் நவம்பர் பதினேழு வந்தது, போனது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்கே மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது. ரெஜினாவிடம் போய் வருத்தத்தோடு சொன்னேன்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "ரெக்கார்டுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றாள்.