தொப்பி ஒட்டாத தலைகள்

பெரியாயியின் தலையில் மாட்டிய ஒயர்த் தொப்பி மூன்றாவது முறையாக வழுக்கிக் காதுக்கு இறங்கியது.

"அக்கா, எவ்வளவு எண்ணெ வச்சீங்க?" என்றாள் ஸவாஹிரா.

"வெளியாளு பாக்க வாறப்ப வறட்டுத் தலையோட வரலாமா மிஸ்? ஒரு கை கூடத்தான் வச்சேன்."

ஸவாஹிராவுக்கு அழுகை வந்தது. மூளை ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் இரண்டு வருடம் கொழும்பில் ஆய்வுப் பயிற்சி முடித்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு சோதனைதான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தனியாகப் போய், ஒரே நாளில் கொழுந்து பறிக்கும் பத்துப் பெண்களின் மூளை அலைகளைப் பதிந்து வர வேண்டும். வந்தால்தான் பேராசிரியர் கிருஷாந்தி வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். எண்ணெய்த் தலையிலோ அலை பதியாது. பத்துத் தலையும் பளபளவென்று மின்னின.

அவள் விடுவதாக இல்லை. தோட்டத்துக் கடையில் தொங்கிய ஷாம்பூ பாக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி வந்தாள்.

"எல்லாரும் பீலியில கொட்டுற மலைத் தண்ணியில தலைய அலசிட்டு வாங்க."

மார்கழிக் குளிர். திரும்பி வந்த பத்துப் பேரும் வெடவெடவென்று நடுங்கினார்கள். தொப்பி இப்போது ஒட்டியது. ஆனால் கணினித் திரையில் மூளை அலைக்குப் பதிலாக நடுக்கம்தான் ஏறி இறங்கியது.

"முடிய விரிச்சுப் போட்டு வாசல்ல வெயில் காயுங்க. பேசாம, அசையாம இருங்க. நடுக்கம் நிக்கட்டும்."

பத்து நிமிடம் ஆகியிருக்காது. மேல் லயத்து வீடுகளிலிருந்து ஒப்பாரி கிளம்பியது. தலையை விரித்துப் போட்டுப் பத்துப் பெண்கள் வாய் திறக்காமல் வாசலில் உட்கார்ந்தால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாரடித்துக்கொண்டு நாற்பது பேர் இறங்கி வந்தார்கள். பின்னாலேயே சாவு மேளமான தப்பை அடித்தபடி தம்பையா.

"யாரும்மா போனது?" என்றார் அவர்.

"யாரும் போகலைங்க!"

"பொறகு ஏன் இவங்க அழுறாங்க?"

உண்மைதான். வந்தவர்கள் அழுவதைப் பார்த்து, உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் ஓவென்று அழத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னைக்குப் பத்துத் தலை முடியலன்னா நான்தான் போயிருவேன்!" என்று கத்தினாள் ஸவாஹிரா.

பெட்டியைக் கட்டிக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, தப்பக் கீழ வச்சிட்டு அடுப்ப மூட்டுங்க. நீங்க பிளேன்டீ ஊத்துங்கக்கா. மத்தவங்க துவாய எடுத்து இவங்க தலையத் துவட்டுங்க. அழுது முடிச்சவங்க ஒவ்வொருத்தரா உள்ள வாங்க!"

நாலு மணிக்குப் பத்தாவது தலையும் முடிந்தது. தொண்டை கட்டிப்போன குரலில் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"மேடம், பத்தும் எடுத்துட்டேன்."

"சரி, போனைப் பெரியாயிகிட்ட குடுங்க."

பெரியாயி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இவங்க பாஸ், மேடம்! போன வருசம் அனுப்புன தம்பி எண்ணெத் தலையப் பாத்ததுமே பஸ் ஏறிட்டாரு. இவங்களுக்கு எழவுக் கூட்டத்தையே எறக்கிப் பாத்துட்டோம், அசையல!"