நாள் தள்ளிப் போன நத்தை

வந்துவிட்ட விளையாட்டைவிட வரப்போகிற விளையாட்டின் மீதுதான் எனக்கு எப்போதும் காதல் அதிகம். வந்துவிட்டதில் ஆயிரம் குறை இருக்கும். வரப்போவதில் ஒரு குறையும் கிடையாது. முன்னோட்டத்தில் மழை அழகாகப் பெய்யும், பின்னணியில் யாரோ வயலின் வாசிப்பார்கள், கதாநாயகன் எங்கேயும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கமாட்டான். (பெண் பார்க்கும்போது கொடுக்கிற போட்டோவுக்கும் இது பொருந்தும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, இரண்டு நாள் காபி கிடைக்காமல் இருந்திருக்கிறேன்.)

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சொல்கிறேன். அதிலும் பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிற விளையாட்டுகள் மேல் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. எங்கோ ஒரு குளிர் நாட்டில், ஒற்றை அறையில், இரண்டு பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்து, வெளியிட்ட அன்று அவர்களுடைய அம்மாக்கள் மட்டும் வாங்குகிற விளையாட்டுகள் இருக்கின்றனவே, அவைதான் என் துறை. எதை எப்போது வெளியிடுவதாக அறிவித்தார்கள், எப்போது மாற்றினார்கள், அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதையெல்லாம் கல்வெட்டு படிப்பவரின் சிரத்தையோடு தொகுத்து வருகிறேன். அரூரில் இருக்கும் நண்பன் தினேஷும் நானும் இதற்காக ஒரு வீடியோ சேனலே நடத்துகிறோம். கவனிக்கப்படாத விளையாட்டுகளைப் பற்றிய கவனிக்கப்படாத சேனல்.

சேனலில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முடிந்தவரை தமிழில்தான் பேசுவேன். 'ரிலீஸ் டேட்' என்று என் வாயில் வராது, 'வெளிவரும் நாள்' என்பேன். 'போஸ்ட்போன்' என்று சொல்லமாட்டேன். "ஏன்டா தமிழ் ஐயா மாதிரி உயிர எடுக்கற?" என்று தினேஷ் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். கேட்டிருக்கலாம்.

பல வருடங்களுக்கு முன், ஒரு வைகாசியில் எனக்கும் நந்தினிக்கும் கல்யாணம் நடந்தது. எனக்கு தருமபுரி, அவளுக்கு ஏரியூர். ஆடி பிறந்ததும் வழக்கம்போலப் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அந்த மாதம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்ற கணக்கு. அதே ஆடியின் முதல் திங்கட்கிழமை ஓசூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் நந்தினி வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. அதற்குமுன் பல இண்டர்வியூக்களுக்குப் போய் 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பதிலை மட்டும் வாங்கி வந்தவள். கல்யாணப் புடவை எடுக்க ஆன நேரத்தைவிட, ஆபீசுக்கு இரண்டு சுடிதார் துணி எடுக்க அவளுக்கு அதிக நேரம் ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனாருக்கு இதில் இஷ்டமில்லை. "கல்யாணமான பொண்ணு ஹாஸ்டல்லயா இருக்கறது?" என்று இழுத்தடித்தார்.

"ஆடி மாசம் அவரோட இருக்கக் கூடாதுங்கறீங்க. இங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஓசூர்ல உக்காந்து சம்பளம் வாங்கறேன். உங்க சம்பிரதாயமும் கெடாது, என் வேலையும் கெடாது" என்றாள் நந்தினி.

மாமனார் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "வூட்டுல ஏதாச்சும் விசேசம்னு ஆயிருச்சுன்னா மட்டும் வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பஸ்ல குலுங்கிக்கிட்டு எம்பொண்ணு போகக்கூடாது."

நந்தினி சரி என்றாள். விசேஷம் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி முதல் நாள் எங்கள் பக்கம் தேங்காய் சுடுவோம். தேங்காயை நார் போகச் சுரண்டி, கண்ணைத் துளைத்து, உள்ளே வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் அரிசியும் போட்டு, கண்ணில் ஒரு குச்சியைச் செருகி நெருப்பில் வாட்டுவது. புது மாப்பிள்ளைக்கு அன்று மாமனார் வீட்டில் விருந்து. மதியம் அத்தை (மாமியாரைச் சொல்கிறேன்) வைத்த சாப்பாட்டில் பாதி மயக்கத்தில் இருந்தேன். வெயில் இறங்கியதும் வீட்டுக்குப் பின்னால் நெருப்பு மூட்டி, என் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நந்தினி தைக்கக் கொடுத்த சுடிதார்களை வாங்கிவரத் தையல் கடைக்குப் போயிருந்தாள்.

அப்போதுதான் போனில் அந்தச் செய்தி வந்தது. நாங்கள் இருவரும் தவம் கிடந்த நத்தை விளையாட்டு, சொன்ன நாளில் வராது.

நத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு நத்தை, தன் முதுகில் இருக்கும் கூட்டை வாடகைக்கு விடுகிறது. குடியிருப்பவர்கள் ஒரு சில்வண்டு, ஒரு கிழட்டு மின்மினி, குடும்பத்தோடு ஒரு எறும்பு. மழைக்காலம் முடிவதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று நத்தைக்கு ஆசை. குடித்தனக்காரர்களோ வழியெல்லாம் புகார் சொல்கிறார்கள். சில்வண்டுக்குக் குலுக்கல் ஆகாது, மின்மினிக்கு வெளிச்சம் ஆகாது. இவ்வளவுதான் விளையாட்டு. உலகத்திலேயே இதற்காகக் காத்திருந்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள். அதில் இரண்டு பேர் தருமபுரி மாவட்டம்.

உடனே தினேஷைக் கூப்பிட்டேன். அந்த இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆகவே ஒரு கையில் குச்சியில் செருகிய தேங்காயையும் மறு கையில் போனையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"தினேஷு! நாள் தள்ளிப் போயிருச்சுடா! ... கேக்குதா? நாள் தள்ளிப் போயிருச்சு! ... ரெண்டு மாசம்டா! ... இல்லடா, எனக்குச் சந்தோசம்தான். அவசரப்பட்டு வெளிய வந்தா கொறையோடதான் வரும். முழுசா வளந்து வரட்டும்!"

(எத்தனை நாவல்களில் இந்த மூன்று சொற்களைப் படித்திருப்பேன்! 'நாள் தள்ளிப் போயிருக்கு' என்று ஒரு பெண் தலைகுனிந்து சொன்னால் அடுத்த அத்தியாயத்தில் தொட்டில் ஆடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் என் மூளை நத்தையின் முதுகில் குடியிருந்தது.)

திரும்பிப் பார்த்தால், பின்னால் எள்ளுக் கிண்ணத்தோடு அத்தை நிற்கிறார். முகம் பூராவும் பூரிப்பு.

"மாப்பிள்ளை... தள்ளிப் போயிருக்குங்களா?"

நெகிழ்ந்து போனேன். என் அம்மாகூட ஒருநாளும் இந்த விளையாட்டுகளைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

"ஆமாங்க அத்தை."

"நெசமாங்களா? நல்லாத் தெரியுங்களா?"

"நல்லாத் தெரியுங்க அத்தை. தேதியெல்லாம் நான்தாங்க கணக்கா பாத்துட்டு வர்றேன்."

அத்தை ஒரு கணம் திகைத்தார். இந்தக் காலத்து மாப்பிள்ளைகள் இதையெல்லாமா பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, "நந்தினி எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலைங்களே?" என்றார்.

"அவளுக்கே தெரியாதுங்க அத்தை."

"அவளுக்கே தெரியாதுங்களா!"

"இப்பத்தாங்க எனக்கே தகவல் வந்துச்சு. சொன்னாலும் அவ கண்டுக்க மாட்டாங்க. இதுல எல்லாம் அவளுக்கு ஆர்வம் இல்லீங்க."

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. பரிதாபமும் பெருமிதமும் பாதிப் பாதி. எள்ளுக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினார். நான் தேங்காயைப் பார்த்தேன். அது கரியாகி இருந்தது.

அடுத்த சிறிது நேரத்தில் எனக்கு நடந்த மரியாதையை என்னவென்று சொல்வது! நெருப்புப் பக்கத்திலிருந்து என்னை எழுப்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேறொருவர் சுட்ட தேங்காயை உடைத்து என் கையில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மாதம்மாக்கா வந்து, "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்! எம்மூட்டுக்காரருக்கு எம்பொறந்த நாளே தெரியாது, இவரு தேதி கணக்கா வெச்சிருக்காரு" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். ஏரியூர் மக்களுக்கு விளையாட்டுகள் மீது இவ்வளவு மதிப்பா என்று நான் மலைத்துப்போய், மாதம்மாக்காவைச் சேனலில் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாமனார் மட்டும் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார்.

நந்தினி சுடிதார்ப் பையோடு உள்ளே நுழைந்தாள். அத்தை ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினார்.

"இத எதுக்குடி நீ தூக்கற? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சுடிதார்தாம்மா, என்ன வெயிட்டு? என்ன சொல்லணும்?"

"நடிக்காதடி. மாப்பிள்ளை எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ரெண்டு மாசம்னு."

"என்ன ரெண்டு மாசம்?"

"நாள் தள்ளிப் போனது!"

நந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நொடியில்தான் அந்த மூன்று சொற்களும் நாவல்களிலிருந்து எழுந்து வரிசையாக என் முன்னால் வந்து நின்றன.

"அம்மா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா!"

"வேலைக்குப் போகணும்னு மறைக்கற. எனக்குத் தெரியாதா? அவரு பொய் சொல்லுவாரா?"

அவள் எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவுக்கு அத்தையின் சந்தேகம் உறுதியானது. இனி என் வாயிலிருந்துதான் உண்மை வர வேண்டும். கையில் பாதித் தேங்காயோடு எழுந்து நின்றேன்.

"அத்தை, நான் சொன்னது நந்தினிய இல்லீங்க. நத்தையங்க."

மாதம்மாக்காதான் முதலில் கேட்டார். "நத்தைக்கா நாள் தள்ளிப் போயிருக்கு?"

விளக்கினேன். கம்ப்யூட்டர் விளையாட்டு, இரண்டு பேர் செய்வது, முதுகில் கூடு, வாடகை, சில்வண்டு, கடல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே அபத்தமாகப் பட்டது. அத்தை மெதுவாக என் கையிலிருந்த தேங்காயைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"டேய்!" என்றாள் நந்தினி. (தனியாக இருக்கும்போது அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். சபையில் கூப்பிட்டது அன்றைக்குத்தான். யாரும் அவளைக் கண்டிக்கவும் இல்லை.) "நான் தையல் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என்னைக் கர்ப்பமாக்கிட்டியேடா!"

மாதம்மாக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அது மற்றவர்களுக்கும் தொற்றப்போகிற நேரத்தில் மாமனார் தெருப்பக்கத்திலிருந்து உள்ளே வந்தார். அத்தை விஷயத்தைச் சொன்னார். மாமனார் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நான் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டனே."

"என்னப்பா சொன்னீங்க?"

"இண்டர்வியூவுக்குக் கூட வந்தப்ப நம்பர் வாங்கி வெச்சிருந்தேன் கண்ணு. நாள் தள்ளிப் போயிருக்கு, திங்கக்கிழமை வரமாட்டாளுங்கன்னு..."

நந்தினி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. மடியில் சுடிதார்ப் பையை வைத்துக்கொண்டு அதன் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. தேங்காயைக் கரியாக்கலாம், என் மானத்தைக் கரியாக்கலாம், இவளுடைய வேலையையும் சேர்த்தல்லவா நெருப்பில் போட்டிருக்கிறேன்! "நான் பேசறேன். தப்பு எம்பேர்லன்னு சொல்றேன்" என்றேன்.

"நீ தமிழ்ல பேசினது போதும்" என்று அவளே போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் மேனேஜர் அம்மா. தாய்மொழி கன்னடம். நமக்காகத் தமிழைச் சிரமப்பட்டுப் பேசுகிறவர்.

"மேடம், எங்கப்பா ஏதோ தப்பா..."

"ஹௌது, ஆமா மா, உங்க அப்பா பேசினாரு. நாள் தள்ளிப் போயிருக்கு சொன்னாரு. பரவாயில்ல மா, ஜாயினிங் டேட் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அடுத்த திங்கள் வாங்க. ஆனா உங்க அப்பா ரெண்டு மாசம், ரெண்டு மாசம் சொல்றாரு. அஷ்டெல்லாம், அவ்வளவு எல்லாம் ஆகாது மா. ஒரு வாரம்தான்."

நந்தினி, "தேங்க்ஸ் மேடம்" என்று வைத்துவிட்டு என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். (அவள் வயிற்றைப் பிடித்ததும் அத்தை அனிச்சையாக ஒரு அடி முன்னால் வந்தார்.)

"அதான் அந்தம்மா அப்படிச் சொல்லுச்சா!" என்றார் மாமனார். "ஒரு வாரத்துல முடிச்சுட்டு வரச் சொல்லுங்கன்னுச்சு. எந்த ஊருல ஒரு வாரத்துல முடியுதுன்னு நெனச்சு நான் போனை வெச்சுட்டேன்!"

நந்தினி ஓசூருக்குப் போனாள், அந்த இரண்டு சுடிதார்களையும் போட்டுக்கொண்டு. இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், நல்ல பதவியில். நத்தை அதற்குப் பிறகும் சில முறை தள்ளிப் போய் ஒருவழியாக வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்து அதைக் கடல் வரைக்கும் விளையாடி முடித்த தமிழர்கள் இரண்டே பேர். தினேஷும் நந்தினியும். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். அதற்குள் வேறொரு விளையாட்டின் முன்னோட்டம் வந்துவிட்டது.

சில வருடங்கள் கழித்து நந்தினி நிஜமாகவே ஏரியூருக்குப் போன் செய்து அந்தச் செய்தியைச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அத்தை, "போனை மாப்பிள்ளைகிட்ட குடு" என்றார்.

"மாப்பிள்ளை, இது எந்த நாட்டுலிருந்து வருதுங்க?"

"இல்லீங்க அத்தை, இது நெசந்தாங்க."

"நீங்க சொன்னா நம்ப முடியாதுங்க. டாக்டரம்மாவ ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க."

டாக்டர் பேசினார். அத்தையும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் வயிறு வெளியே தெரிகிறவரைக்கும் மாதம்மாக்காவிடம் மூச்சு விடவில்லை. இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சொந்தத்தில் யார் வீட்டிலிருந்து நல்ல செய்தி வந்தாலும் ஏரியூர்க்காரர்கள் சந்தோஷப்படுவதற்குமுன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் சந்தோஷப்படுகிறார்கள்.

"இது விசேசமா? இல்ல மாப்பிள்ளை விசேசமா?"