தவமலர் மாமியின் படிவம்

அன்புள்ள சண்முகராசா மாமாவுக்கு,

கோலியர்ஸ் வுட்டிலிருந்து உங்கள் மருமகள் ஹம்சினி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். ஹவுன்ஸ்லோவில் நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே பதினொரு நாள் பிந்தி எழுதுகிறேன். பிந்தியதற்குக் காரணம் பயம்.

தமிழ்ப் பள்ளியின் வலைப்பந்துப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் நடத்தும் கழகத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்களே, அன்றைக்கே ஏலாது என்றிருக்க வேண்டும். "நீ யூனிவர்சிற்றி முடிச்சனி, உனக்கென்ன" என்றார் தலைவர் கொட்வின் அண்ணை. நான் படித்தது தாவரவியல், மாமா. கழகம் இப்போது பதிவுசெய்த தர்ம அமைப்பு, வரி கிடையாது. அதற்கும் மேலாக, வருமானவரி கட்டும் ஒருவர் நூறு பவுண்ஸ் தந்து, ஒரு படிவத்தில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தால், அரசாங்கம் இன்னும் இருபத்தைந்து தரும். அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான். எழுதியதோடு நின்றேனா? ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "ஆருடைய பேரிலை குடுக்கிறியளோ, அந்தப் பேரை வடிவா எழுதுங்கோ" என்று வேறு சொன்னேன்.

எங்கள் சனம் கோயில் உபயம் என்று நினைத்துவிட்டது. சிவனேஸ்வரி அக்கா மூன்று மாதப் பேரனின் பெயரை எழுதி, விலாசத்துக்கான இடத்தில் பூரட்டாதி, கும்பராசி என்று போட்டிருக்கிறா. யோகராஜா அண்ணை தந்தது பிள்ளையாரின் பெயரில். வருமானவரி கட்டுபவரா என்ற கேள்விக்கு ஓம் என்று புள்ளடியும் போட்டிருக்கிறார். நானும் ஒன்றையும் பார்க்காமல், திகதி முடியப்போகிற பதற்றத்தில், எல்லாவற்றையும் அப்படியே கணினியில் அடித்து அனுப்பிவிட்டேன். இப்போது வரித் திணைக்களத்திலிருந்து மிக மரியாதையான கடிதம் ஒன்று வந்திருக்கிறது. பத்தொன்பது பேரின் விபரத்தை வெள்ளிக்கிழமைக்கு முன் உறுதிப்படுத்தட்டாம். இல்லாவிட்டால் கழகத்தையே துருவிப் பார்ப்பார்களாம். வரிவிலக்குப் போனால், பிள்ளைகள் விளையாடும் ஹோலுக்கு வாடகை கட்டவும் காசில்லை. "பயப்பிடாதை, கம்பி எண்ண மறியலுக்குப் போனாலும் பிள்ளையார் உன்னோடை வருவார்" என்கிறார் என் கணவர் றஜீவன்.

பதினெட்டுப் பேரிடம் வீடுவீடாகப் போய்த் திருத்தி வாங்கிவிட்டேன். மிஞ்சியிருப்பது நீங்கள் மாமி காலமாகி ஒரு வருசம் முடிந்த ஆட்டைத் திவசத்துக்குத் தந்தது. அதில் தவமலர் மாமியின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் தோடம்பழம் வெட்டிக் கொண்டுவந்து, எதிரணிப் பிள்ளைகளுக்கும் கொடுத்த மனுசி. ஆனால் காலமானவர் வரி கட்ட முடியாதல்லவா? அவவின் பெயரை வெட்டி, உங்கள் பெயரை எழுத வேண்டும்.

இதைச் சொல்லத்தான் கழகத்துப் போனிலிருந்து, படிவத்தில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். அது மாமியின் போன் என்று தெரியாது. நான் ஆரென்று சொல்ல முன்னமே, "அவ இப்ப கதைக்கமாட்டா பிள்ளை. என்னெண்டு சொல்லு, நான் சொல்லிவிடுறன்" என்றீர்கள். படிவக் கதையை எடுக்காமல், மாமி தோடம்பழம் எங்கே வாங்குகிறவ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே புதிய படிவம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் அடையாளமிட்ட இடத்தில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்து, முத்திரை ஒட்டிய உறையில் போட்டால் போதும். கடிதம் கண்டதும் என்னோடு கோபிக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். மகள் கோசிகா உங்களுக்கு முத்தம் தருகிறாள். பிள்ளையார், அவருடைய படிவத்தை நான் கிழித்த பிறகும், உங்களுக்குத் துணையிருப்பாராக.

உங்கள் அன்பையும் ஏச்சையும் எதிர்பார்க்கும்,
ஹம்சினி

பி.கு. புதிய படிவத்தைக் கிழித்துவிடுங்கள், மாமா. இப்போதுதான் பழையதைத் திரும்பப் பார்த்தேன். மாமியின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு கீறி, அதன்மேல் எழுத்து எழுத்தாக எழுதி, பிறகு கோட்டை அழித்திருக்கிறீர்கள், தடம் இன்னும் தெரிகிறது. அதை வெட்டச் சொல்ல என்னால் ஏலாது. அந்த ஒன்றுக்கு எங்களுக்கு வரிப்பணம் வேண்டாமென்று திணைக்களத்துக்கு எழுதிவிட்டேன். குறைகிற காசை நானே போட்டேன். என் படிவத்திலும் மாமியின் பெயர்தான். வருமானவரிக் கேள்விக்கு மட்டும் புள்ளடி போடவில்லை. சனிக்கிழமை போட்டி இருக்கிறது. தோடம்பழம் நான் வெட்டிக்கொண்டு போறன். அவவிடம் சொல்லிவிடுங்கோ.