பாலைவனத்தில் ஓர் எண்ணெய்க் குளியல்

குற்றாலத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு குறை உண்டு. எண்ணெய் தேய்த்துக்கொண்டால் தண்ணீர் தானாகவே வந்துவிடும் என்று அவன் உடம்பு நம்பிவிடும். எங்கள் ஊரில் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு பத்தடி நடந்தால் போதும். மீதியை அருவி பார்த்துக்கொள்ளும். இந்த நம்பிக்கையோடுதான் நான் பாலைவனத்துக்குப் போனேன்.

போனது என் மனைவி செல்விக்காக. தென்காசியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. மணல்மேடு எப்படி உருவாகிறது என்று பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அரையாண்டு விடுமுறையில் ராஜஸ்தானுக்கு ஒரு குழுப் பயணம் கிளம்புகிறது என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அதில் பாலைவனக் கூடாரம் ஒரே ஓர் இரவு. மணல்மேட்டில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரே ஒரு மாலை. விடியுமுன் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும்.

அழைத்துப்போனவர் சுரண்டை முத்துமாரி. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவர் அதை ஊதி நான் பார்க்கவில்லை. கை விசிலைத் தொட்டாலே கூட்டம் சேர்ந்துவிடும். கிளம்புமுன் எல்லோருக்கும் ஒரு விதிமுறைத் தாள் கொடுத்தார். நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியன். தாளில் இருந்த நான்கு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். (படித்தேனா என்று கேட்காதீர்கள். திருத்துவது வேறு, படிப்பது வேறு.)

கூடாரத்தை அடைந்தபோது மாலை நான்கு மணி. ஐந்துக்கு ஜீப். ரயில் சூட்டைத் தணிக்கலாமே என்று நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். தலை, முகம், முதுகு, கால், ஒன்றையும் விடவில்லை. பத்து நிமிடம் ஊறியபின் குழாயைத் திறந்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் கேட்க வெளியே வந்தேன். அப்போது காற்று கிளம்பியது. மணல் தரையை ஒட்டிப் புகைபோல ஓடியது. அத்தனை அழகு. நின்று பார்த்தேன். நின்றதுதான் தவறு. அரை நிமிடத்தில் ரவையில் புரட்டிய மீன் மாதிரி ஆகிவிட்டேன். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"இங்கன நிக்கது யாரு?" என்றது செல்வியின் குரல்.

"நான்தான்."

"எண்ணெயா தேச்சிய? தண்ணி லாரி ஆறு மணிக்குத்தான் வரும்னு தாள்ல போட்டிருந்தாவளே. நீங்கதான திருத்திக் குடுத்தீய?"

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

குழு கூடிவிட்டது. எங்களோடு வந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி செல்பேசியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "இவரை இங்கனயே விட்டுட்டுப் போவோம். எங்க போயிரப் போறாரு?"

"ஒத்த ஆளை விட்டுட்டு நகரமாட்டேன் அண்ணாச்சி" என்றார் முத்துமாரி. "போனா எல்லாரும். இல்லன்னா யாருமில்ல."

"மணி நாலரை" என்றாள் செல்வி.

முத்துமாரி குடிதண்ணீரில் ஒரு மடக்கை என் கண்ணுக்கு மட்டும் ஒதுக்கினார். பிறகு முகாமின் சமையற்காரரை அழைத்து, யாத்திரைகளில் கற்ற தன் இந்தியில் இரண்டு நிமிடம் பேசினார்.

"எண்ணெய்ச் சட்டியை இங்கன காஞ்ச மணல் போட்டுத்தான் தேய்ப்பாவளாம். உங்களையும் அப்படியே தேச்சிரலாம்னு சொல்லுதாரு."

"வலிக்குமா?"

கேட்டுச் சொன்னார். "சட்டி இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்லையாம்."

சமையற்காரர் சிரிக்கவில்லை. சலித்த மணலை வாரிப் போட்டு, என்னைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். மணல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு உதிர்ந்தது. கால்மணி நேரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பிறந்தது முதல் இல்லாத சுத்தம். கடைசியில் துணியால் துடைத்து, முதுகில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அப்படி ஒரு தொழில் நேர்த்தியை நான் அச்சகத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஜீப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிவரை நடந்தாள். ஒரு பக்கம் மெல்ல ஏறிய மணல், மறுபக்கம் சரேலென்று சரிந்து கிடந்தது. விளிம்பில் காற்று மணலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டே இருந்தது. சூரியன் முழுதாக மறையும்வரை அவள் அசையவில்லை.

"நான் போட்ட கோடு சரிதான்" என்றாள், தனக்குத்தானே.

இப்போது அந்தப் பாடம் வந்தால் செல்வி கரும்பலகைக்குப் போவதில்லை. அண்ணாச்சி எடுத்த படத்தைக் காட்டுகிறாள். "காத்து மணலைத் தூக்கிட்டு வரும். வழியில ஒரு தடை இருந்தா அதுமேல படியும். இதுதான் தடை."

போன மாதம் தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு மாணவி என்னைக் காட்டித் தன் அம்மாவிடம் சொன்னாள்: "டீச்சர் சொன்ன தடை இவுகதாம்மா."

அந்த அம்மா மரியாதையாக வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.