மடித்துப் போட்ட பதினோரு அட்டைகள்

நான் எழுதிய எதையும் யாரும் விரும்பி வாங்கிப் படித்ததில்லை. ஒரே ஒரு முறை ஏலக்காய் வியாபாரிகள் கூடி உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தார்கள். அன்று எனக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள்.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னபோது வயது இருபத்தொன்பது. (“அது சின்னப் பிள்ளைகளுக்குல்ல வரும்?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு: நானும் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளையாகத்தான் இருந்தேன்.) அதற்குள் இரண்டு வேலை போயிருந்தது. ஜவுளிக்கடையில் ஓர் அம்மாள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, “எனக்கு எடுப்பா இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்று காரணங்களும் சொன்னேன். அடுத்த வேலை ஏன் போனது என்பதை இன்று வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் போடியில் இந்த ஏலக்காய் மண்டி. “இதாச்சும் நெலைக்கட்டும் ஆத்தா” என்று அம்மா கும்பிட்டாள். “ஒரு வாரம் தாக்குப் புடிச்சாப் பெரிய விசயம்” என்றான் அண்ணன். எனக்கும் உள்ளூர அதே பயம்தான். என்னை எடுத்ததே ஏதோ கைத்தவறுதல், சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ராத்திரியெல்லாம் தோன்றியது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, யாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று பதினோரு அட்டைகள் எழுதினேன். ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்டேன். யார் கண்ணிலும் படாதபடி இரண்டாக மடித்து, மேல்கோட்டின் இடது பையில் வைத்துக்கொண்டேன்.

மண்டியில் என் சோலி சாம்பிள் போடுவது. மலையிலிருந்து வரும் காயை, வந்த வரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொருவர் காயிலும் ஒரு கை அள்ளிப் பையில் போட்டு, தோட்டக்காரர் பெயரெழுதிய சீட்டை மடித்து உள்ளே வைத்து ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பெயர் தெரிந்தால் வியாபாரிகள் முகம் பார்த்து விலை சொல்வார்கள் என்று பைகளையெல்லாம் ஒரு கூடையில் கொட்டிக் கலக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். விலை படிந்த பிறகுதான், வாங்கியவர் சீட்டைப் பிரித்துப் பெயரை உரக்கப் படிப்பார். அந்தச் சீட்டுகளையும் முதலாளி பழைய கல்யாணப் பத்திரிகையில்தான் வெட்டி வைத்திருந்தார். (போடியில் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை.) அவை என் வலது பையில் இருந்தன.

அன்று பதினோரு பேர் காய் வந்திருந்தது. நான் முதல் பையைப் பிடித்த நேரத்தில் பின்கட்டில் சல்லடை மெஷினைப் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது சத்தம். எனக்கு மண்டைக்குள் ஜீப்பு ஓடியது. வெரசாக முடித்துவிட்டு ஓட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் கை கோட்டின் எந்தப் பைக்குள் போனது என்று பார்க்கவில்லை. பதினோரு பைக்கும் சீட்டு வைத்தேன், பின் அடித்தேன், கூடையில் கொட்டினேன்.

முதல் பைக்கு விலை படிந்தது. விருதுநகர் வியாபாரி ஒருவர் சீட்டைப் பிரித்து, பெயர் படிக்கும் அதே குரலில் படித்தார்.

“சாப்பிட்டாச்சா என்று கேட்டால், ‘ஆச்சு, நீங்க?’ அவ்வளவுதான். பட்டியல் போடாதே.”

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டாவது பைக்கும் விலை படிந்து, சீட்டைப் பிரித்தார்கள்.

“முதலாளியின் கண்ணைப் பார்க்க வேண்டாம். மீசையின் இடது ஓரத்தைப் பார்.”

மண்டியே சிரித்தது. முதலாளி எழுந்துவிட்டார். “ஏத்தா! அதுக்குத்தேன் மூணு நாளா என் மீசையவே மொறச்சியா? நரைச்சுருச்சாக்கும்னு நேத்து மை வாங்கிட்டு வந்துட்டனே!”

வாசலில் நின்ற போடிமெட்டுத் தோட்டக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணே, அப்ப இதுல எங்காய் எது? ஒரு வருசப் பாடு. கலந்து விட்டுட்டீகளே” என்றார்.

அதற்குள் மூன்றாவதையும் விலைக்கு எடுத்த ஒருவர் பிரித்துவிட்டார். என் ஐந்தாம் அட்டை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் போகப் போகக் குரல் தாழ்த்தினார்.

“உன்னைத் தவறுதலாக வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். தோன்றட்டும். ஐந்தரை மணி வரை இரு.”

அவமானத்தில் காது சுட்டது. கால்கள் வாசல் பக்கம் திரும்பின. மூன்றாவது வேலையும் போச்சு என்றே நினைத்தேன். ஆனால் சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றுதான். ஐந்தரைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதோடு எனக்குக் கோபமும் வந்தது. இவர்கள் எல்லாரும் பிறவியிலேயே தெரிந்து வைத்திருக்கும் ஒன்றை நான் உட்கார்ந்து படித்து எழுதியிருக்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“சீட்ட மாத்திப் போட்டது என் தப்பு. அதுக்கு மன்னிச்சுக்கங்க” என்றேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. “அட்டை எழுதுனது தப்பில்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். வரிசையாத்தான் வச்சேன். அட்டையில என்ன நம்பரோ, அதே நம்பர் காய்தான். பெயர்ச் சீட்டெல்லாம் இந்தா, வரிசை மாறாம இருக்கு.”

வலது பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினேன். முதலாளி தலையைச் சொறிந்தார். “அப்ப நீயே படி” என்றார்.

படித்தேன். மிச்சம் எட்டுப் பைக்கும் விலை படியப் படிய, என் அட்டையையும் அதே நம்பர் சீட்டிலிருந்த பெயரையும் நானே உரக்கப் படித்தேன். “ஒன்று. உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல். ஒரு தடவை போதும். தேவாரம் ஊர்க்காரர் காய்!” போடிமெட்டுக்காரருக்கு உரியது பதினொன்றாம் அட்டை. “யாராவது சிரித்தால், காரணம் தெரியாமல் நீயும் கூடச் சிரிக்காதே.” அதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது.

போடிமெட்டுக்காரர் தன் பையை வாங்கி ஒரு காயை உடைத்து மோந்து பார்த்தார். “எங்காய்தான்” என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஐந்தரைக்கு முதலாளியிடம் போய், நாளைக்கு வரலாமா என்று மீசையின் இடது ஓரத்திடம் கேட்டேன். “வராம? மெஷினப் போடுறதுக்கு முந்தி ஒரு கொரலு குடுக்கச் சொல்றேன், வா” என்றார். நான்கு வருடங்கள் ஆகின்றன. இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அட்டைகளும் எழுதுகிறேன். ஆனால் மடிப்பதில்லை. ஐந்தாம் அட்டையை மட்டும் அந்த வியாபாரி திருப்பித் தரவே இல்லை. கேட்டால், “இருக்கட்டும்மா, எனக்கும் அதுல சோலி இருக்கு” என்கிறார்.

போன வருடம் அண்ணன் கல்யாணம். ஒரு வாரம் தாங்கமாட்டேன் என்று சொன்ன அதே அண்ணன், மேடைக்குப் போகும் முன் வேர்த்து வழிய என்னைத் தேடி வந்தான். “எனக்கும் ஒரு அட்டை எழுதிக் குடுறி.” அவன் பத்திரிகையையே வெட்டி எழுதிக் கொடுத்தேன்: “உனக்குத் தவறுதலாகப் பெண் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். தோன்றட்டும். பந்தி முடியும் வரை இரு.”

அது அவன் சட்டைப் பையிலேயே இருந்து, மறுநாள் துவைக்க எடுத்தபோது மதினி கையில் சிக்கியது. இப்போது அது எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அண்ணன் எப்போது கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போனாலும், மதினி அடுப்படியிலிருந்தே கேட்கிறாள்:

“என்னங்க, பந்தி முடிஞ்சிருச்சா?”