ஆள்காட்டிக் குருவியும் நிற்காமல் போன நியூட்ரினோக்களும்

ஒரு காட்டில் நுழைய ஒரே ஒரு வாயில்தான் இருந்தது. அதற்குக் காவல் ஓர் ஆள்காட்டிக் குருவி. யார் வந்தாலும் கத்திக் காட்டையே கூட்டிவிடும். "என்னைத் தாண்டி ஒரு எறும்புகூட நுழைய முடியாது" என்று பீற்றிக்கொள்ளும். அந்தப் பெருமையை விட்டால் அதற்கு வேறு சொத்தும் இல்லை, பாவம்.

ஒருநாள், குகைக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டி ஆராய்ச்சி செய்யும் தேவாங்கு அந்தப் பக்கம் வந்தது. வந்தது சும்மா போயிருக்கலாம்.

"அக்கா, நாம பேசிட்டிருக்கும்போதே நியூட்ரினோங்கிற கண்ணுக்குத் தெரியாத துகள் கோடிக்கணக்குல உங்களைத் துளைச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

"என்னையா? யாரு உள்ள விட்டது?"

"சூரியன்லேர்ந்து வருதுக்கா. எதுமேலயும் மோதாது. அபூர்வமா ஒண்ணு தண்ணியில மோதினா மினுக்குன்னு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கத்தான் கண்ணை முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"காந்தம் வச்சுப் புடிச்சிட்டா?"

"அதுக்கு மின்னூட்டமே கெடையாதே! காந்தத்தன்மை துளியூண்டு இருக்கலாம்கிறாங்க. இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

குருவி கணக்குப் போட்டுப் பார்த்தது. சிங்கராஜாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். காக்கை வேறு அந்த வேலைமேல் கண் வைத்திருந்தது. அன்றுமுதல் குருவி பகலெல்லாம் வானத்தைப் பார்த்துக் கத்தியது. இரவில் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வரும் என்று தேவாங்கு சொல்லித் தொலைத்ததால், இரவெல்லாம் தரையைப் பார்த்துக் கத்தியது. வாயிலில் பெரிய காந்தம் ஒன்றையும் நட்டது. அதில் சிக்கியது யானையின் கால்சங்கிலிதான்.

குருவி இந்த மும்முரத்தில் இருந்தபோது, ஒரு கழுதைப்புலி வாயில் வழியாக நிதானமாக உள்ளே வந்தது. ராஜாவின் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மானைத் தூக்கிக்கொண்டு, அதே வழியாக நிதானமாக வெளியே போனது.

சபை கூடியது. பசியோடு இருந்த சிங்கம் உறுமியது. "என்ன காவல் பாக்குற நீ?"

குருவி வாய்க்கு வந்ததைச் சொன்னது. "ராஜா, ஒவ்வொரு நொடியும் கோடானுகோடிப் பேர் உள்ள நுழையுறாங்க. உங்க உடம்புக்குள்ளயே நுழைஞ்சு போறாங்க. அதுல ஒருத்தன்தான் மானைத் தொட்டிருக்கான். மத்தவங்கள்லாம் எதையும் தொடாம ஓடிட்டாங்களே, அது யாரு காவல்?"

சிங்கம் தேவாங்கைப் பார்த்தது. "நெசமா?"

"ஆமாங்க ராஜா. தொடாமத்தான் போகுது." தேவாங்குக்குப் பொய் சொல்ல வராது.

சிங்கம் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தது. மானைத் தவிர உள்ளே எதுவும் குறையவில்லை. குருவியைக் காடு முழுவதற்கும் காவல் தலைவியாக்கிவிட்டு, வாயிலில் காக்கையை வைத்தது.

மறுநாளே காக்கை அந்தக் கழுதைப்புலியைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது.

"கோடானுகோடிப் பேர்ல ஒண்ணைத்தான் புடிச்சியா?" என்று கேட்டு, சிங்கம் காக்கையை வேலையைவிட்டு நீக்கியது.

நீதி: பிடிக்க முடிந்ததைப் பிடிக்கும் வேலைக்குப் போகாதே, எத்தனை பிடித்தாய் என்று கேட்பார்கள்.