ஒரு கோட்டுக்கு வந்த ஆம்புலன்ஸ்

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது மூன்று போலீஸ் வண்டிகள் வந்ததாகச் சொல்கிறார்கள். என் நாத்தனார் சொல்லும்போது ஹெலிகாப்டரும் உண்டு. வந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். வந்த நேரம் பதினொன்று நாற்பது. பதினாறு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவள் நான். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யாரும் விழவில்லை, யாருக்கும் மாரடைப்பு இல்லை, அந்த ஆம்புலன்ஸ் ஒரு கோட்டுக்காக வந்தது, அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

குடவாசல் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண்ணான நான், விதை அறிவியலில் முதுகலை படித்தபோது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் எட்டு மாதம் பின்லாந்துக்குப் போனேன். குளிருக்கென்று தஞ்சாவூரில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினோம். "இது காஷ்மீருக்கே தாங்கும்மா" என்றார் கடைக்காரர். (அவர் காஷ்மீர் போனதில்லை. நாங்களும் கேட்கவில்லை.) பின்லாந்தில் நான் வாடகைக்குத் தங்கிய வீட்டுக்காரம்மா ஐலா, பேருந்து நிலையத்தில் அந்த ஸ்வெட்டரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். மறுநாள் காலை என் அறைக் கதவில் ஒரு கோட்டு தொங்கியது.

அது அவருடைய கணவர் பென்டியின் பழைய கோட்டு. அவர் லாரி ஓட்டிய காலத்தில் போட்டது. உள்ளே ஆட்டு ரோமம், வெளியே தார்ப்பாய் போன்ற துணி, எனக்குக் கணுக்கால் வரை வரும். எடை மூன்று கிலோ நானூறு கிராம். (நிறுத்துப் பார்த்தேன்.) கூடவே ரோமத் தொப்பி ஒன்று.

ஐலா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பென்டி அதிகம் பேசாதவர் என்று சொன்னால் அது அவரை வாயாடியாக்கிவிடும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அவர் என்னிடம் பேசிய சொற்கள் பதினொன்று. அதில் நான்கு முறை "கதவு." நான் சாத்த மறந்திருப்பேன்.

அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் பதினான்கு விதிகள் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. முதல் விதி, காலணியோடு வாசல் மிதியடியைத் தாண்டக்கூடாது. கடைசி விதி, மற்ற பதின்மூன்றையும் மறந்தேன் என்று சொல்லக்கூடாது. அந்தத் தாள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றே டைரியில் நகல் எடுத்துக்கொண்டேன். அதன் அடியில் ஐலா, பென்டி, சுமதி என்று மூன்று பெயர்கள். விதியை மீறினால் பெயருக்கு நேரே பென்சிலால் குறிப்பு எழுதப்படும். மூன்று குறிப்பு சேர்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். (இது பென்டிக்கும் பொருந்துமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

விதிகளை இவ்வளவு நேசித்த எனக்குத்தான் டிசம்பருக்குள் இரண்டு குறிப்புகள் விழுந்தன. ஒன்று, பொதுப் படிக்கட்டின் கைப்பிடியில் உள்பாவாடை காயப்போட்டது. இன்னொன்று, கடுகு தாளித்தது. புகை மணி அடித்து, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் பனியில் வந்து நின்றார்கள், சிலர் வெறும் சாக்ஸோடு. இனி ஒன்றுதான் பாக்கி. அந்த ஊரில் குளிர்காலத்தில் வேறு அறை கிடைக்காது. என்னோடு படித்த ஒரு பெண் இடம் கிடைக்காமல் விடுதி வராந்தாவில் மூன்று வாரம் படுத்திருந்தாள்.

அம்மாவிடம் போனில் மைனஸ் பதினேழு என்று சொன்னேன். "இங்கயுந்தான்டி குளிருது. நேத்து ஃபேனை ரெண்டுல வச்சுட்டுத்தான் படுத்தோம்" என்றாள்.

ஜனவரியில் பென்டிக்கு இரண்டு பல் பிடுங்கினார்கள். ஒரு வாரமாகக் கஞ்சி மட்டும் குடித்தார். என் பெயரை நல்லபடியாக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. பல்லே தேவைப்படாத பண்டம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்து தருகிறேன் என்று ஐலாவிடம் சொல்லிவிட்டேன். இட்லித் தட்டு என் பெட்டியிலேயே இருந்தது. உளுந்து ஆசியக் கடையில் கிடைத்தது. வியாழக்கிழமை மாலை அரைத்து வைத்தேன்.

சனிக்கிழமை மாலை வரை மாவு அசையவில்லை. புளித்த வாசனைகூட இல்லை. அரைத்த நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, பென்டி மாதிரி.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த விதை அறிவியல் விழித்துக்கொண்டது. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே பாரம் ஏற்றினால், உள்ளே சூடு பிடித்து முளைவிடும். சின்ன வயதிலிருந்து பார்த்தது, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியது. மாவுக்கு மட்டும் ஏன் கூடாது? சாக்கு இல்லை, கோட்டு இருந்தது. பாத்திரத்தை மூடி, கோட்டின் வயிற்றுக்குள் வைத்து, எல்லாப் பொத்தானையும் போட்டு, தலைப்பக்கம் தொப்பியால் அடைத்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் படுக்க வைத்தேன். பாரத்துக்கு இரண்டு தடித்த புத்தகங்கள். இரண்டுமே விதை முளைப்பு பற்றியவை. டைரியில் "மாலை 6.10. முளைகட்டியாயிற்று" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்த அடிக்கோட்டை இன்று பார்க்கும்போது அந்தப் பெண்ணின் காதைத் திருக வேண்டும்போல இருக்கிறது.

ஞாயிறு காலை ஏழே கால். முதலில் கண்ணில் பட்டது கோட்டின் வலது கை. தூக்கிக்கொண்டு நின்றது. மாவு மூடியைத் தள்ளி, புத்தகங்களைத் தள்ளி, பொத்தான்களுக்கு நடுவே பிதுங்கி, போவதற்கு வேறு வழி தெரியாமல் கைக்குள் புகுந்து முழங்கை வரை போயிருந்தது. தொப்பி நுரைத்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தில் பாதி மாவு நல்லபடியாக மிச்சம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இட்லிக்கு அவ்வளவு அருமையான மாவை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஐலாவும் பென்டியும் பனிச்சறுக்குக்குப் போயிருந்தார்கள். பன்னிரண்டுக்குத் திரும்புவார்கள். அதற்குள் கோட்டைச் சரிசெய்துவிட்டால் மூன்றாவது குறிப்பு விழாது. குளியலறையில் வைத்து வெந்நீரில் அலசினேன். நனைந்த ஆட்டு ரோமம் எவ்வளவு கனக்கும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டி வெளியே தூக்கி வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் வெயில் வந்தது. பதினோரு நாளுக்குப் பிறகு முதல் வெயில். வானம் நீலம், பால்கனி முழுக்க மஞ்சள். வெயிலைப் பார்த்த டெல்டாக்காரிக்கு என்ன தோன்றும்? கண்ணுக்கு நேரே மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் பத்தொன்பது காட்டியது. அதையும் படித்தேன், டைரியில் குறித்தும் வைத்தேன். ஆனாலும் வெயில் என்றால் காயும் என்பது என் உடம்பில் ஊறியிருந்தது. கைகளுக்குள் தண்ணீர் தங்கக்கூடாதே என்று துடைப்பக் கம்பை ஒரு கை வழியாக விட்டு மறு கை வழியாக எடுத்து, பால்கனிக் கொடியில் மாட்டினேன். தொப்பியையும் மேலே செருகினேன். அறுப்புக்கு முன் வயலில் பொம்மை நிறுத்துவோமே, அதேதான். மணி ஒன்பது இருபது.

உள்ளே போய் இட்லி ஊற்றினேன். ஆவியில் சமையலறை ஜன்னல் மூடிப்போனது. வெளியே கோட்டு கால்மணி நேரத்தில் பலகையாக உறைந்து, கைகளை விரித்து, தலை கொஞ்சம் குனிந்து நின்றது எனக்குத் தெரியாது.

தெரிந்தது எதிர்க் கட்டட ஹெல்மி அம்மாளுக்கு. அவர் ஜன்னலோரம் காபி குடிப்பவர். பென்டி பால்கனியில் நிற்பதைப் பார்த்துக் கையசைத்தார். பென்டி திரும்பக் கையசைக்கவில்லை. பென்டி கையசைக்காதது ஒரு செய்தியே இல்லை என்பதால் அவர் கவலைப்படவில்லை. இரண்டாவது காபிக்கும் அதே நிலை. மூன்றாவது காபி முடிந்தும் கை விரித்தபடியே நின்றதும்தான் அவசர எண்ணை அழைத்தார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. (நாத்தனார் சொல்வதுபோல் ஐந்து மணி நேரம் இல்லை.)

கதவைத் திறந்தால் பையோடு இரண்டு பேர். வீட்டுக்காரர் எங்கே என்றார்கள். வெளியே போயிருக்கிறார் என்றேன். பால்கனியில் நிற்கிறாரே என்றார்கள். அது அவர் இல்லை, அவருடைய கோட்டு, உள்ளே யாரும் இல்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே குறைவாக நம்பப்பட்டது அதுதான். அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இளையவர் கோட்டின் முதுகைத் தட்டினார். கதவைத் தட்டியது போல் 'டொக் டொக்' என்றது.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஐலா. கீழே ஆம்புலன்ஸைப் பார்த்திருக்கிறார். பென்டி அவர் பக்கத்தில் இருக்கிறார். அப்படியானால் வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான். மூன்று மாடி ஏறி, "சுமதி, சுமதி" என்று கூப்பிட்டுக்கொண்டே நேராகக் கூடத்துக்குள் வந்து, கரண்டியோடு நின்ற என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, என் முகத்தைத் தடவிப் பார்த்தார். கோட்டைக் காட்டினேன். பாதியை அழுதுகொண்டே சொன்னேன்.

பென்டி மெதுவாக வந்தார். வாசலில் காலணியைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு, பால்கனிக்குப் போனார். தன் கோட்டுக்கு எதிரே நின்று அதை மேலும் கீழும் நெடுநேரம் பார்த்தார்.

"நான் இவ்வளவு நேரா நின்னு ரொம்ப வருஷமாச்சு" என்றார்.

(அவர் பேசியது ஃபின்னிஷ். ஐலா ஆங்கிலத்தில் சொன்னதை நான் குடவாசல் தமிழில் தருகிறேன்.) பிறகு உறைந்து நீட்டியிருந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் சிரித்தது ஆம்புலன்ஸ்காரர்தான்.

நான் சிரிக்கவில்லை. ஐலா சமையலறைக்குப் போய்ப் பென்சிலை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதி வராந்தாவில் எந்த மூலையில் ஜன்னல் காற்று குறைவு என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

"கோட்டைப் பத்தி விதி எதுவும் இல்லையே" என்றார் பென்டி, பின்னாலிருந்து.

ஐலா எழுதினார். கிட்டே போய்ப் பார்த்தேன். எழுதியிருந்தது என் பெயருக்கு நேரே அல்ல, தன்னுடைய பெயருக்கு நேரே: 'காலணி.' வாசலிலிருந்து கூடம் வரை கம்பளத்தில் அவருடைய ஈரக் காலடிகள் பதிந்திருந்தன. அந்தத் தாளில் ஐலாவுக்கு விழுந்த முதல் குறிப்பு அது.

இட்லியை ஐந்து பேரும் சாப்பிட்டோம். ஆம்புலன்ஸ்காரர்கள் நின்றபடியே ஆளுக்கு ஒன்று, பிறகு கிளம்பினார்கள். பென்டி ஒன்பது. ஹெல்மி அம்மாளுக்கும் ஒரு தட்டில் அனுப்பினோம். மறுநாள் தாளில் பதினைந்தாவது விதி சேர்ந்திருந்தது: பால்கனியில் எதைக் காயப்போட்டாலும் அதற்குத் தொப்பி போடக்கூடாது. கோட்டு அங்கேயே நான்கு நாள் நின்றது. அந்தக் குளிரில் பனிக்கட்டி தண்ணீராகாமலே காற்றோடு போய்விடும் என்று ஐலா விளக்கினார். அப்படியே காய்ந்தும் போனது. வெயில் பற்றி நான் நினைத்தது முழுத் தப்பில்லை என்று டைரியில் எழுதியிருக்கிறேன். ஹெல்மி அம்மாள் நான்கு நாளும் அதற்குக் கையசைத்தார்.

அந்த ஞாயிறு இரவு போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பாதி மாவு வீணாப் போச்சா?"

நான் கிளம்பும்போது பென்டி அந்தக் கோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். பெட்டியில் இடமில்லாததால் மே மாதம் திருச்சி விமான நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டே இறங்கினேன். அழைக்க வந்த அப்பா என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

இப்போது அது தஞ்சாவூரில், எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் அதற்கு வேலை இல்லை. மார்கழியும் தையும் வந்தால் மாவுப் பாத்திரத்தின் மேல் போர்த்துவோம். பொத்தான் போடுவதில்லை, பாரமும் வைப்பதில்லை. என் கணவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வருவார். மகள் கோட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா, பென்டி எந்திரிச்சிட்டாரா?"

"எந்திரிச்சிட்டார்ப்பா. கையை மட்டும் இன்னும் தூக்கல."